ஒரு குழந்தையையும் விடாத சுகாதார நிலையம்

மலைக்கு இந்தப் பக்கம் கொட்டாவிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே அரசாங்கம் ஒரு சுகாதார நிலையம் கட்டி, ஒன்பது பேருக்கு வேலை என்று காகிதத்தில் எழுதி, மூன்று பேரை அனுப்பிவைத்தது. சுகாதார ஆய்வாளர் நல்லபெருமாள், எழுத்தர் ஆவுடையப்பன், துப்புரவுப் பணியாளர் பிச்சைக்கண்ணு. மூவரும் தங்கமானவர்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். தொல்லையே அதுதான்.

காலியாக உள்ள ஆறு இடங்களையும் நீங்களே கூடுதலாகப் பார்த்துக்கொள்ளவும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றிலிருந்து ஆறு காலி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

சொட்டு மருந்து முகாமுக்கு முந்தின வாரம் வட்டார மருத்துவர் மரகதவல்லி ஜீப்பில் வந்தார். போன தடவை மூன்று குழந்தைகள் விட்டுப்போயிருந்தன. இந்தத் தடவையும் அப்படி ஆனால் நிலையத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள், அப்புறம் ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு ஊர்சனம் பதினோரு மைல் அலையணும் என்று வருத்தத்தோடு சொன்னார். ஜீப்பில் ஏறும்போது திரும்பி நின்று, “அஞ்சு வயசுக்குள்ள ஒரு குழந்தையைக்கூட விடக் கூடாது” என்றார்.

மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

முகாமன்று காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வேலம்மாள் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்லபெருமாள் எண்ணி இரண்டு சொட்டு விட்டார். ஆவுடையப்பன் சுண்டு விரலில் மை வைத்தார். வேலம்மாள் கிளம்பினாள். பிச்சைக்கண்ணு வாசலை மறித்து நின்றார்.

“நீ போகலாம்மா. பிள்ளையை விடக் கூடாதுன்னு உத்தரவு.”

வேறு ஊராக இருந்தால் அங்கேயே ரகளை ஆகியிருக்கும். ஆனால் வேலம்மாளும் கொட்டாவிப்பட்டிக்காரிதானே. அரசாங்க உத்தரவு என்றதும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

நண்பகலுக்குள் நாற்பத்தொரு குழந்தைகள் சேர்ந்துவிட்டன. ஒன்று அழ ஆரம்பித்தால் மற்ற நாற்பதும் துணைக்கு அழுதன. அந்தச் சத்தத்துக்கு நடுவே நல்லபெருமாள் டாக்டருக்குப் போன் போட்டு, நாற்பத்தொன்று ஆயிற்று, இதுவரை ஒருத்தரையும் விடவில்லை என்று பெருமையாகச் சொன்னார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. வராதவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடிக்கச் சொன்னார். பிச்சைக்கண்ணு கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தோடு கிளம்பி, பதினாறு பேரைப் பிடித்துவந்தார்.

தகப்பன்மார் சோற்றுத் தூக்குச்சட்டியும் பாயும் தொட்டிலுமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், பிள்ளைகளை எப்போது விடுவீர்கள் என்று பணிவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள்.

“அஞ்சு வயசுக்குள்ளதானே விடக் கூடாது? அஞ்சு முடிஞ்சா விடலாமே” என்றார் ஆவுடையப்பன். அவர் கொஞ்சம் படித்தவர்.

உடனே பட்டியல் தயாரானது. வேலம்மாள் மகனுக்கு வருகிற வியாழக்கிழமை விடுதலை. பிறந்து பதினோரு நாளே ஆன ஒரு சிசுவிடம் வந்ததும் பேனா நின்றது.

“இதுக்கு இன்னும் நாலு வருஷம் பதினோரு மாசம் சொச்சம் ஆகும்” என்றார் ஆவுடையப்பன்.

“அதுக்குள்ள நமக்கு மாறுதல் வந்துட்டா?” என்று பிச்சைக்கண்ணு கவலைப்பட்டார்.

நல்லபெருமாள் வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்தார். “புதுசா வர்றவங்ககிட்ட எண்ணி ஒப்படைச்சு, கையெழுத்து வாங்கிட்டுப் போவோம்.”

பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். தகப்பன்மார் தேதியைக் குறித்துக்கொண்டு திருப்தியாக வயலுக்குப் போனார்கள்.

மூன்று மணிக்கு, நேரில் பாராட்டலாம் என்று டாக்டர் வந்தார். கதவைத் திறந்தார். ஐம்பத்தேழு குழந்தைகள், பதினெட்டுத் தொட்டில்கள், சுவரில் விடுதலைத் தேதிகள். ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தார். விடக் கூடாது என்றால் மருந்து போடாமல் விடக் கூடாது என்று அர்த்தம், போட்டதும் உடனே வீட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்று பொறுமையாக மூன்று தடவை விளக்கினார். மூவருக்கும் நன்றாகப் புரிந்தது. கதவைத் திறந்துவிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் கட்டடம் காலி.

டாக்டர் பட்டியலைச் சரிபார்த்தார். ஊரிலிருந்த ஐம்பத்தேழு பேருக்கும் மருந்து போட்டாயிற்று. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மாவட்டத்திலேயே இப்படி ஓர் ஊர் இல்லை. நிலையம் தப்பித்தது. அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“உங்களைப் போய் நம்பினேன் பாருங்க. நான் ஒரு பச்சைக் குழந்தை.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“பார்த்தா அப்படித் தெரியலையே” என்று கிசுகிசுத்தார் பிச்சைக்கண்ணு.

“அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க. எழுதிக்கோ, ஐம்பத்தெட்டு” என்றார் நல்லபெருமாள்.

ஆவுடையப்பன் மைக்குப்பியைத் திறந்தார். பிச்சைக்கண்ணு போய் வாசலை மறித்து நின்றார். நல்லபெருமாள் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு டாக்டரின் அருகே வந்து, கனிவோடு குனிந்தார்.

“ஆ காட்டுங்க டாக்டரம்மா. பயப்படாதீங்க, போட்டதும் உடனே விட்டுருவோம்.”