கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

கலியமூர்த்தி நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எடுத்த எடுப்பில் அவர்மேல் பாய்ந்துவிடுவீர்கள்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த சாமி, கலியமூர்த்தியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் இருக்கிறார் என்று தெரிந்தால் கலியமூர்த்தி செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிடுவார். அவ்வளவு மரியாதை.

ஒரு நாள் காலையில் முகம் வாடி வந்து நின்றார்.

“சாமி, என் வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. விருத்தாசலத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்கு.”

“செண்பகவல்லியா? எதுக்கு?”

“என் தம்பி குடும்பத்தோட வந்து தங்கியிருக்கான். வீட்டுல இடம் பத்தலே. இவ தையல் மெஷின் இருந்த ரூமை அவனுக்குக் கொடுத்துட்டேன். மெஷினை மாடிப்படிக்குக் கீழே போட்டுக்கோ, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னேன். அவ்வளவுதான் சாமி. ஒரு வார்த்தை பேசலே. பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டா.”

“இதுக்கு முன்னாடி சண்டை வந்ததுண்டா?”

“சேச்சே. எதைச் சொன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவா. தங்கமான பொம்பளை. இப்போ போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறா. நேர்ல போனா கதவைச் சாத்திடுவாளோன்னு பயமா இருக்கு. அவ இல்லாம அது வீடாவே இல்லே சாமி. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

“என்ன சொல்லணும்?”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மான்னு. நீங்க சொன்னா கேப்பா.”

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வாங்க, போவோம்.”

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு கிடைத்தது. ஜன்னல் ஓரம் சாமிக்குத்தான் என்று கலியமூர்த்தி மன்றாடிப் பார்த்தார். சாமி கேட்கவில்லை. இவரை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு பெரியவருக்கு இடம் விட்டு, தாம் வெளி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

பஸ் கிளம்பியதும் கேட்டார். “அந்த அட்ஜஸ்டுங்கிற வார்த்தையை எங்கெங்கே சொல்லுவாங்க?”

கேட்க வேண்டுமா! கலியமூர்த்திக்கு வந்த கவலையே மறந்துவிட்டது.

“அது இல்லாத இடமே இல்லே சாமி. பந்தியில ஒரு இலைக்கு இடம் இல்லேன்னா அட்ஜஸ்ட். ஜாக்கெட் பிடிச்சா டெய்லர் அட்ஜஸ்ட் பண்ணித் தருவார். ஆபீஸ்ல ஒருத்தன் லீவு போட்டா இன்னொருத்தன் அட்ஜஸ்ட். சம்பந்தி வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா அதுக்கும் அட்ஜஸ்ட். வெள்ளைக்காரன் மெஷினைத் திருகுறதுக்கு வெச்சிருந்த வார்த்தைன்னு நினைக்கிறேன். நம்ம ஆளுங்க அதை வெச்சு குடும்பமே நடத்துறாங்க.”

“பலே,” என்றார் சாமி. நிஜமாகவே ரசித்துத்தான் சொன்னார்.

அடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். கலியமூர்த்தி ஜன்னல் ஓரத்திலிருந்தே கூப்பிட்டார்.

“இங்க வாம்மா. சாமி, பெரியவரே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

பெரியவர் ஒடுங்கினார். சாமி விளிம்புக்கு நகர்ந்தார். அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்து, “நீங்க நல்லா இருக்கணும்யா,” என்று கலியமூர்த்தியை வாழ்த்தினாள். அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

கொஞ்ச தூரத்தில் முழங்கால் வலியோடு ஒரு அம்மாள் ஏறினாள். கலியமூர்த்தி மறுபடியும் கூப்பிட்டார். அந்த அம்மாளுக்கும் இடம் கிடைத்தது. அதற்குள் நடைபாதை நிறையக் கூட்டம். யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கலியமூர்த்தி கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். காற்று சுகமாக வந்தது. தூங்கிவிட்டார்.

“விருத்தாசலம் எல்லாம் இறங்கு” என்ற கண்டக்டர் குரலில்தான் விழித்தார். கூட்டம் விலகியது. சாமி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

கலியமூர்த்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழே இறங்கியதும் கேட்டார்.

“நீங்களா சாமி நின்னுட்டு வந்தீங்க?”

“ஆமா.”

“ஐயோ, என்னை ஒரு குரல் கூப்பிடக் கூடாதா? நான் எழுந்திருப்பேனே.”

“எழுந்திருப்பீங்க. தெரியும். நல்ல மனசோடதான் எல்லாரையும் உக்கார வெச்சீங்க. அந்த வார்த்தை பெரிய வார்த்தைதான்.”

“உங்களை நிக்க வெச்சுட்டேனே.”

“யாராவது ஒருத்தர் நிக்கணும்ல?”

பூ வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்த கலியமூர்த்தி, அதை மறந்து கடைவீதியைத் தாண்டி நடந்தார்.

கதவைத் தட்டினார்கள். செண்பகவல்லிதான் திறந்தாள். சாமியைப் பார்த்ததும் கும்பிட்டாள். புருஷனைப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு நாற்காலி எடுத்துவந்து போட்டாள். ஒன்றில் சாமி உட்கார்ந்தார். இன்னொன்றில் கலியமூர்த்தி உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

“என்னை அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லத்தானே சாமி வந்திருக்கீங்க?”

அவள் குரலில் கோபம் இல்லை. அலுத்துப்போன குரல்.

“அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தார்.”

“சொல்லுங்க. எல்லாரும் சொல்லியாச்சு. எங்க அம்மாவும் சொல்லிட்டாங்க.”

சாமி குனிந்து கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டார்.

“பஸ்ஸுல பாதி வழி நின்னுட்டே வந்தேன்மா. இதுக்கே எனக்குக் கால் விட்டுப்போச்சு. நீங்க இத்தனை வருஷம் எப்படித்தான் நின்னீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கலியமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தார்.