ஒரு டம்ளர் தண்ணீர்

"மேடம், இந்த 'லீவ்'ங்கற ஒரே வார்த்தைக்கு பிரெஞ்சுல அஞ்சு இருக்கு. எதைப் போடறது?" என்று கேட்டார் தணிகாசலம்.

புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில், தன் வயதில் பாதிகூட ஆகாத மதலேனிடம், அவளுடைய அலுவலகத்தில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பழக வந்திருந்தார். இங்கிலீஷில் புலி என்ற நினைப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மேஜையில் கலிவரதன் என்பவரின் கடிதம். பிரான்சில் நடக்கும் விவாகரத்து வழக்கில் நீதிபதிக்குப் போக வேண்டியது. வெளிநாட்டுக்கென்றால் இங்கிலீஷ்தான் என்று டைப்பிங் கடைக்காரர் அடித்துக் கொடுத்திருந்தார். ஏழு வயது மகளை மனைவியிடம் 'லீவ்' செய்கிறாராம்.

ஒப்படைக்கிறாரா, கைவிடுகிறாரா? அகராதி இரண்டையும் காட்டியது. மாற்றிப் போட்டால் அந்தச் சிறுமி காகிதத்தில் அப்பா இல்லாதவளாகிவிடுவாள்.

மதலேன் தலை நிமிரவில்லை.

"வெளிய பெஞ்சுல ஒருத்தர் காலையிலேருந்து உக்காந்திருக்கார், சார். அவருக்குத் தண்ணி குடுங்க."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. கேட்டது என்ன, இந்தப் பெண் சொல்வது என்ன? ஆனாலும் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்.

பெஞ்சில் இருந்தவர் ஒரே மடக்கில் குடித்தார். "நான்தான் சார் கலிவரதன். லெட்டர் முடிஞ்சுதா?"

இல்லை என்று தலையசைத்தார் தணிகாசலம்.

"பாப்பா அவ அம்மாகிட்டயே இருக்கட்டும் சார். அங்க நல்ல ஸ்கூல். ஆனா பெரியவளானா இதை எடுத்துப் படிப்பா. அப்பா வேணாம்னுட்டார்னு மட்டும் அதுல இருக்கக் கூடாது."

"டைப்பிங் கடையில இதைச் சொன்னீங்களா?"

"அவர் கேக்கல சார்."

தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அவரும்தான் கேட்கவில்லை.

கலிவரதனை உள்ளே அழைத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். இங்கிலீஷ் கடிதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து தமிழில் சொல்லச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல பிரெஞ்சில் எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். கலிவரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு மதலேன் கேட்டாள், "அந்த அஞ்சுல எதைப் போட்டீங்க, சார்?"

தணிகாசலம் மேஜையைப் பார்த்தார். மூடிய அகராதியின் மேல் காலி டம்ளர் இருந்தது.

"பாக்க மறந்துட்டேன், மேடம்."