முதல் நூலை யார் இழுப்பது?

மருதவர்மர் என்றொரு ராஜா. அவர் சபையில் பேரம் பேசுவதற்கென்றே ஓர் ஆள். அந்த ஆள் நான்தான், மொட்டையப்பன். மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவன். நான் படித்ததெல்லாம் அங்கே வாங்கிய அடிகளில்தான். என்னைக் கண்டாலே சபைப் புலவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்குத்தான் கோபம் வராது?

அந்த வருஷம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். அரண்மனை நெசவுக் கூடத்தையும் மூடிவிட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் ராஜாவுக்கு அவசரம் வந்துவிட்டது. இளவரசி கல்யாணத்துக்குப் பட்டு வேண்டுமே!

"நாளைக்கே திறந்துவிடலாம்" என்றார் அமைச்சர் அட்சயலிங்கம். "உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். காய்ச்சல் வந்தால் அது அவரவர் விதி, அரண்மனை பொறுப்பில்லை என்று."

"சம்மதிப்பார்களா?" என்றார் ராஜா.

"சம்மதிக்க வைக்கத்தானே மொட்டையப்பனுக்குச் சோறு போடுகிறோம்?"

மீசையை முறுக்கிக்கொண்டு நெசவாளர் தெருவுக்குப் போனேன். நாச்சம்மை என்கிற நெசவாளி வாசலிலேயே மறித்தாள்.

"வாங்க தரகரே! எங்க பல்லையும் பிடிச்சுப் பாக்கப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்தது. சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நாடாவைப் பாத்திருக்கீங்களா?" என்றாள். தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற கட்டை அது. "நூல் தீரும்போதெல்லாம் அது ஓட்டையில வாய வச்சு உறிஞ்சித்தான் புது நூலை வெளிய இழுக்கணும். கூடத்துல நாடா எல்லாம் ஒரே கூடையில. காலையில நான் வாய் வச்சதை மத்தியானம் இன்னொருத்தர் வைப்பாரு. என் வீட்டுக்காரரை அங்கேருந்துதான் தூக்கிட்டு வந்தோம். அதுவும் விதியா? ஆளுக்கொரு நாடா குடுங்க. ஜன்னலைத் திறங்க. தறியைத் தள்ளித் தள்ளிப் போடுங்க. படுத்துட்டா அரண்மனை பாத்துக்கணும். அப்புறம் வர்றோம்."

சந்தையில் எத்தனையோ பேரை மடக்கியவன் நான். அன்று அவள் என்னையே மடக்கிவிட்டாள். அவள் கேட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டுபோய்ச் சபையில் கத்தினேன்.

"நாடா வாங்கிக் கட்டுப்படியாகாது" என்றார் அமைச்சர். கத்தினேன். "காற்றுப் பட்டால் பட்டு நூல் அறுந்துபோகும்" என்றார். இன்னும் கத்தினேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கடைசியில் ராஜாவே காதைப் பொத்திக்கொண்டார்.

"நாளை தறி ஓடவேண்டும் மொட்டையப்பா. இல்லையென்றால் நீ சந்தைக்கே போய்விடு."

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. கத்துகிறவனுக்குத் தொண்டைதான் கட்டும்.

மறுநாள் காலை ராஜாவும் அமைச்சரும் கூடத்துக்கு வந்தார்கள். நெசவாளர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். நான் பூனை மாதிரிப் பேசினேன்.

"மன்னா, இந்தக் கூடம் மூடித் திறந்தால் முதல் நூலை அரண்மனை ஆள்தான் இழுக்கவேண்டும். அது வழக்கம். எப்போதும் கண்காணிப்பாளர் இழுப்பார். பாவம், அவரும் காய்ச்சலில் போய்விட்டார். பயமில்லை என்று அடித்துச் சொல்பவர் அமைச்சர். அவரே இழுக்கட்டுமே?"

"நல்லதுதானே! நீரே இழுத்துவிடும் ஐயா" என்றார் ராஜா.

கூடையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து நீட்டினேன். அமைச்சர் அதை உதடுவரை கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இதில் கடைசியாக யார் வாய் வைத்தது?"

"யாருக்குத் தெரியும் பிரபு? எல்லாம் ஒரே கூடை."

"சீ! எனக்கென்று புதிதாக ஒன்று கொண்டு வா!"

உத்தரவு அறிவிக்க நான் கூட்டிவந்திருந்த பறையடிப்பவன் வாசலில் நின்றான்; அவனைப் பார்த்தேன். "அமைச்சர் உத்தரவு! ஆளுக்கொரு புது நாடா!" என்று கூவி டம் டம் என்று அடித்தான். நாச்சம்மை ஓர் அடி உள்ளே வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

"ஏன் இப்படி மேலே வந்து விழுகிறீர்கள்? தள்ளி நில்லுங்கள்! மூச்சு முட்டுகிறது, அந்த ஜன்னலைத் திற!" என்று அலறினார் அமைச்சர்.

"அமைச்சர் உத்தரவு! தறிகள் தள்ளித் தள்ளி! ஜன்னல்கள் திறந்தே!" மறுபடி டம் டம்.

ராஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். புது நாடா வந்தது. அமைச்சருக்கு அதிலும் சந்தேகம். ராஜாவிடம் திரும்பினார்.

"மன்னா, உங்கள் வேலையாக வந்த இடம் இது. இங்கே எனக்குக் காய்ச்சல் ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?"

ராஜா நாச்சம்மையைப் பார்த்தார். அவள் கேட்டதும் இதைத்தானே?

"நான்தான் பொறுப்பு" என்றார் ராஜா. "உமக்கும், இங்கே தறியில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும். போனவர்கள் குடும்பத்துக்கும். கற்பூரத்தைக் கோயிலுக்கு அனுப்புங்கள்."

நாச்சம்மை புது நாடாவை வாங்கி முதல் நூலை அவளே இழுத்தாள்.

ராஜா என் தோளில் தட்டினார். "நேற்று அவ்வளவு கத்தினாயே, என்ன சாதித்தாய்?"

"ஒன்றுமில்லை மன்னா. கத்தினவரைக்கும் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நாடாவை நீட்டினேன், எல்லாம் திறந்துகொண்டது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியானால் இன்றுமுதல் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கே உனக்குச் சம்பளம். அதுதான் பரிசு!"

சபையிலேயே சுகமான உத்தியோகம். அன்று மாலை ஒரு புலவர் மூக்கைப் பொத்தினார்; அதோடு பறிபோய்விட்டது.