சிறுத்தை போன சேதி

ராஜாக்கள் கோட்டை கட்டும் முன்னே, காடு காடாகவே இருந்த காலத்தில் நடந்தது இது. காதைக் கொடுங்கள். நடுவில் யாராவது கொட்டாவி விட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும், ஆமாம்.

ஒரு குன்று. குன்றின் அடியில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி. வெட்டவெளியில், கூழாங்கல் நடுவே முட்டையிடுகிற பறவை அல்லவா? எந்நேரமும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் தொண்டை கிழியக் கத்தும். அந்தக் குரலை நம்பித்தான் ஒரு புள்ளிமான் கூட்டம் பிழைத்தது.

ஒரு கோடையில் சிறுத்தை ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. "சிறுத்தை! சிறுத்தை!" என்று குருவி கத்தியது. மான்கள் ஒரே ஓட்டமாகக் குன்றின் அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டன. முதல் நாள் இறங்கவில்லை. இரண்டாம் நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாளும் இறங்கவில்லை.

கூட்டத்தில் சின்னி என்றொரு தாய்மான். அவள் குட்டிக்கு நாக்கு வறண்டுவிட்டது. கால் மடங்கிப் படுத்தது எழுந்திருக்கவே இல்லை. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? செத்தாலும் சாகிறேன் என்று அவள் மட்டும் ஏரிக்கு வந்தாள். அங்கே சிறுத்தையும் இல்லை, அதன் வாலும் இல்லை!

"அது அன்னைக்கே போயிடுச்சே அக்கா" என்றது குருவி.

சின்னிக்கு வந்ததே கோபம்! "அடிப் பாவி! வந்ததைச் சொல்லத் தெரிஞ்ச உனக்குப் போனதைச் சொல்ல வாய் வரலையா? அங்க என் புள்ள செத்துக்கிட்டிருக்கு!"

"சொன்னேனே! அன்னைக்குச் சொன்னேன். நேத்து சொன்னேன். இன்னைக்கு விடியும்போதும் உங்க தலைக்கு மேலயே சுத்திச் சுத்திச் சொன்னேன். ஒருத்தராவது காதை நிமிர்த்தினீங்களா?"

சின்னி யோசித்தாள். ஆமாம், ஏதோ குரல் கேட்கத்தான் செய்தது. கூட்டமே அதைக் கேட்டும் கேட்காமல் காய்ந்த இலையை மென்றுகொண்டிருந்தது. அவளும்தான். கோபம் போய் அழுகை வந்தது.

"போன வருஷம் ஒரு தடவை நீ கத்துனப்ப நிமிராம மேஞ்சேன். மூத்தவன் போயிட்டான். அதிலேர்ந்து நீ பதறினா மட்டும்தான் என் காதுல ஏறுது, தங்கச்சி."

குருவிக்கும் கண் கலங்கியது. யாரைக் குற்றம் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்!

சின்னி ஓடிப்போய்க் கூட்டத்திடம் சொன்னாள். குட்டிமேல் உள்ள பாசத்தில் உளறுகிறாள் என்று ஒருவரும் அசையவில்லை. குட்டியைக் குன்றிலிருந்து ஏரிக்குக் கொண்டுபோகவோ இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். குருவி பறந்து வந்து, "போயிடுச்சு, போயிடுச்சு" என்றது. ஒரு காதும் நிமிரவில்லை. குட்டியின் கண் செருகியது.

குருவி என்ன செய்தது தெரியுமா? தொண்டை கிழிய, "சிறுத்தை!" என்று ஒரு கத்து கத்தியது.

அத்தனை காதும் விறைத்து நின்றன. அத்தனை காலும் பாயத் தயாராயின. பாய்வதற்குள் அடுத்த கத்து: "போயிடுச்சு! மூணு நாளாச்சு! தண்ணிக்கு வாங்க!"

காதுதான் நிமிர்ந்திருக்கிறதே, சேதி உள்ளே போய்விட்டது! இரண்டு மான்கள் குட்டியைத் தாங்கிக்கொள்ள, கூட்டமே இறங்கியது. குட்டி குடித்தது, இருமியது, மறுபடி குடித்தது. சின்னி அதை நக்கி நக்கி அழுதாள்.

அன்றிலிருந்து மான்கள் குருவி கத்தினால் ஓடும். ஓடி நின்றதும் திரும்பிப் பார்த்து, "போயிடுச்சா?" என்று கேட்கும். கேட்டால் குருவி சொல்லாமலா இருக்கும்?

கெட்ட சேதிக்கு மட்டும் காது கொடுத்தால் கெட்ட சேதி மட்டுமே வந்து சேரும்; நல்ல சேதியை நாமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.