சுனைக்குக் கடைசியாக வந்தவர்

கருமலை அடிவாரத்தில் நல்லம்மை என்றொரு துறவி இருந்தார். அவருடைய சீடர் தாண்டவன் ஒரு காலத்தில் அரண்மனைக் களஞ்சியத்தைக் கவனித்துக்கொண்டவர். வயதில் குருவைவிட மூத்தவர். எத்தனை வாய்க்கு எவ்வளவு நெல் என்று யோசித்தே தலை நரைத்தவர்.

இருவரும் அங்கே வந்த புதிதில் சுனையை நம்பி ஏழெட்டுக் குடும்பங்கள்தான் இருந்தன. பிறகு கீழ்நாட்டில் பஞ்சம் வந்தது. சனங்கள் மூட்டை முடிச்சோடு மலையடிக்கு வந்து சேர்ந்தார்கள். குடிசைகள் பெருகின. விறகுக்கும் கூரைக்கும் வெட்டி வெட்டி மலைச்சரிவு மொட்டையானது. மழை பெய்தால் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு நிற்காமல் ஓடியது. அந்தக் கோடையில் சுனை நூலாக இளைத்துவிட்டது. குடத்தோடு காத்திருந்தவர்கள் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துச் சண்டையிட்டார்கள்.

தாண்டவன் குருவிடம் வந்தார்.

"தாயே, இனித் தாங்காது. கடைசியாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் எல்லோரும் சாவோம்."

"சரி. கடைசியாக வந்தவர் யார்?"

"விசாரிக்க வேண்டும்."

"விசாரியுங்கள். அவரிடமிருந்து தொடங்குங்கள்."

தாண்டவன் குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வந்த இன்னொருவரைக் கைகாட்டினார்கள். முடிவில் ஊர்க்கோடியில் ஓர் ஓலைக் குடிசை. வாசலில் வேம்பன் என்ற குயவர் நின்றிருந்தார்.

"இங்கே கடைசியாக வந்தது நீதானே?"

"நான் இல்லை ஐயா. எனக்குப் பிறகு ஒருத்தி வந்திருக்கிறாள்."

முகமெல்லாம் சிரிப்பாக வேம்பன் அவரை உள்ளே அழைத்துப்போனார். பழஞ்சேலைத் தூளியில் ஒரு பெண் குழந்தை. விடியலில் பிறந்தது. தாண்டவன் குனிந்தபோது அவர் விரலை இறுகப் பற்றிக்கொண்டது. அதை விடுவித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்தவரிடம் நல்லம்மை கேட்டார்.

"அனுப்பிவிட்டீர்களா?"

"என்னால் முடியவில்லை, தாயே. ஆனால் சுனையில் தண்ணீரும் இல்லையே! நான் என்னதான் செய்வது?"

நல்லம்மை எழுந்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு மொட்டைச் சரிவில் ஏறினார். மழைத்தண்ணீர் ஓடிவரும் தடத்துக்குக் குறுக்கே பள்ளம் தோண்டத் தொடங்கினார்.

"சரிவு முழுக்கத் தோண்டுவதா? முன்பே நாம் இருவரும் முயன்று பார்த்தோமே. ஆள் போதாமல்தானே விட்டுவிட்டோம்?"

சொல்லி முடித்த பிறகுதான் 'ஆள் போதாமல்' என்ற சொல், பின்னாலேயே ஏறி வந்திருந்த தாண்டவனின் காதிலேயே விழுந்தது. திரும்பிக் கீழே பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை குடிசைகள்.

தாண்டவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஓடினார்.

மறுநாள் மலையில் கூட்டம் எறும்பாக மொய்த்தது. ஆண்கள் தோண்டினார்கள், பெண்கள் கல் அடுக்கினார்கள், பிள்ளைகள் புங்க விதையும் வேப்ப விதையும் ஊன்றினார்கள். கோடரி மலையேறக் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்தது. விறகை மிச்சப்படுத்தத் தெருவுக்கு ஓர் அடுப்பு போதும் என்றார் தாண்டவன். அதற்குத்தான் பெரிய சச்சரவு.

"அவள் கைக் காரத்தை யார் தின்பது?" என்று ஒருத்தி கத்தினாள்.

"நீ வைக்கும் சப்பென்ற குழம்பை நாங்கள் தின்னவில்லையா?" என்றாள் மற்றவள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வேம்பன் தெரு அடுப்புகளுக்குப் பெரிய பெரிய பானைகள் வனைந்து கொடுத்தார்.

ஐப்பசி மழையில் ஒவ்வொரு பள்ளமும் தளும்பி நின்றது. தண்ணீர் ஓடவில்லை, இறங்கியது. அடுத்த கோடையில் சுனை வற்றவில்லை. அதற்கடுத்த கோடையில், உச்சி வெயிலில், பாறையிடுக்கிலிருந்து குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பறை அதிர்ந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய், பெயருக்கு ஏற்றபடி அன்றுதான் தாண்டவன் ஆடினார்.

ஆடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். தூரத்துப் பாதையில் புழுதி கிளம்பியிருந்தது. வண்டிகள், ஆடுகள், புதிய சனங்கள்.

"தாயே, இன்னும் வருகிறார்களே! இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும்?"

நல்லம்மை ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"அது மலைக்குத் தெரியாது. தோண்ட எத்தனை கை இருக்கிறது என்று வருகிறவர்களைக் கேளுங்கள்."