வெள்ளெலி ஏன் தண்ணீர் தேடுவதில்லை

மிருகங்களும் மண்ணும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தேரிக்காட்டுச் செம்மணலில் சுடலி என்றொரு வெள்ளெலி இருந்தாள். அப்போதெல்லாம் வெள்ளெலிகளும் மற்ற பிராணிகளைப் போலப் பட்டப்பகலில் சுனைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும்.

ஒரு கோடையில் சுனை வற்றிப்போயிற்று. காடே தண்ணீர் தேடிக் கிளம்பியது. சுடலி மட்டும் கிளம்பவில்லை. அவள் வளைக்குள் கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டிகள் கிடந்தன.

பக்கத்து மரத்து அணில் பேச்சி வந்து கூப்பிட்டாள். "மதினி, ஆத்தங்கரைக்குப் போறோம். நீயும் வா."

"இந்த வெயில்ல பச்சைக் குட்டிகளை எப்படித் தூக்கிட்டு வருவேன்? பாதி வழியிலே வெந்து போகுமே."

பேச்சி குட்டிகளைப் பார்த்தாள். மற்றவர்களோடு ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் இல்லாமல் சுடலிக்குப் பால் வற்றியது. குட்டிகள் வெறும் காம்பைச் சப்பி அழுதன. அவள் மணலில் முகம் புதைத்துக் கெஞ்சினாள். "மண்ணாத்தா, ஒரு வாய் தண்ணி குடு."

"எங்கிட்ட ஏது தாயி தண்ணி?" என்றது மண். "உன் உடம்புக்குள்ள ஒரு நெருப்பு எரியுது. உன் ஈரத்தையெல்லாம் அதுதான் குடிக்குது. அதை வேணும்னா தணிச்சுத் தாரேன். அப்புறம் காஞ்ச விதையில இருக்கிற ஈரமே உனக்குப் போதும். ஆனா..."

"தணிச்சிரு ஆத்தா!" குட்டிகளின் அழுகையில் மீதியைக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

வளைவாயை மண்ணால் அடைத்துவிட்டு, வெயில் எட்டாத குளிர்ந்த அடிமண்ணில் குட்டிகளை வயிற்றோடு அணைத்துப் படுத்தாள். நெருப்புத் தணிந்தது. மூச்சு மெலிந்தது. தாகம் போயிற்று. கூடவே நினைவும் போயிற்று.

விழித்தபோது மடியில் பால் கட்டியிருந்தது. "வாங்க கண்ணுகளா" என்று குட்டிகளை முகர்ந்தாள். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் விறைத்துக் கிடந்தன.

"ஆத்தா, என்ன பண்ணிட்டே?"

"சொல்ல வந்தேனே தாயி. மயிர் முளைக்காத குட்டிக்கு உன் சூடுதானே உயிரு."

"அப்போ அந்த நெருப்பைத் திருப்பிக் குடு. நானும் எரிஞ்சு போறேன்."

"தணிக்கத்தான் எனக்குத் தெரியும்" என்றது மண்.

மழை பெய்து சுனை நிறைந்தது. சுடலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் வெள்ளெலி பகலெல்லாம் வளையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் தேடாமல், விதை கொறித்தே பிழைக்கிறது. பஞ்சம் வந்தால் பிணம்போலக் குளிர்ந்து கிடக்கிறது. விழித்ததும் தன் பக்கத்தில் வெறும் மண்ணை முகர்ந்து முகர்ந்து பார்க்கிறது.