பாறை என்று பெயர் வைத்த பாலம்

கோயம்புத்தூர் பீளமேட்டில், மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்றின் மாடியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு கலாமணிக்கு முப்பத்தாறு வயது. சீடர் நஞ்சப்பனுக்கு ஐம்பத்து மூன்று.

நஞ்சப்பன் இருபத்தாறு வருஷம் பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டவர். கம்பெனியை மூடியதும், கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற இடத்தில் போய் வேலை கேட்டார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கலாமணி சிரிக்கவில்லை. மவுஸை அவர் பக்கம் நகர்த்தி, "ஒரு பலகை வரைஞ்சு காட்டுங்ணா" என்றாள். அன்றிலிருந்து அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் 'ஒன்பது தீவு'. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் வந்து சேர்ந்து ஆடலாம். காசு கிடையாது. வருகிறவரை முதல் தீவின் கரையில் இறக்கி விடும். அங்கிருந்து அடுத்த தீவுக்குப் பாலம் கட்ட வேண்டும், அப்புறம் அதற்கடுத்த தீவுக்கு. விதி ஒன்றே ஒன்றுதான். பலகையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்தால்தான் அது நகரும். எப்பேர்ப்பட்ட சூரனாலும் தனியாக ஒரு பலகைகூடப் போட முடியாது.

வெளியிடுவதற்கு முன்னால் மூன்று வருஷம் சோதனை ஆட்டம் நடந்தது. பல தேசங்களிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள்.

அந்த மூன்று வருஷத்தை நஞ்சப்பன் அடிக்கடி நினைத்துக்கொள்வார். ஆரம்பத்தில் இருந்த சர்வர் ஒரு சோணி. ஏழாவது ஆள் உள்ளே வந்தால் படுத்துவிடும். அதனால் உள்ளே இருக்கிற ஆறு பேரில் ஒருவர், "நீங்க வாங்க, நான் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றேன்" என்று எழுதிவிட்டு வெளியே போவார். நஞ்சப்பன் வரைந்த முதல் மனிதனுக்கு முழங்கால் கொக்குக்கு மாதிரிப் பின்பக்கமாக மடங்கியது. அதைத் திருத்த வேண்டாம் என்று பதினான்கு பேர் மனுப் போட்டார்கள். அப்போதெல்லாம் உள்ளே போனால் தெரியாத ஆள் என்று ஒருவர் கிடையாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அந்த நாற்பது பேரில் ஒருவர் ரமோன், பெரு நாட்டுக்காரர். மூன்றாவது பாலத்தை அவரும் நஞ்சப்பனும்தான் கட்டினார்கள். நானூற்றுப் பதினோரு பலகை, நான்கு மாதம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர் தன் பாஷையில் எழுதுவார், இவர் தமிழில் எழுதுவார், மெஷின் மொழிபெயர்க்கும்.

ஒருநாள் ரமோன், "இன்றைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

"அரிசிம்பருப்புச் சோறு."

"எப்படிச் செய்வது?"

நஞ்சப்பன் மனைவியிடம் கேட்டு எழுதினார். அடுத்த வாரம் பதில் வந்தது: "செய்தேன். குழைந்துவிட்டது. ஆனாலும் சாப்பிட்டேன்."

போன வருஷம் ஆடி மாதம் ஒருநாள் ரமோன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. சோதனை ஆட்டத்தில் யாரிடமும் விலாசம் கேட்பதில்லை. நஞ்சப்பன் யாரிடம் போய் விசாரிப்பார்?

கடைசியில் நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. எல்லாத் தேசத்துக்கும் ஒரே நிமிஷத்தில் திறக்கும். ஒன்பது தீவும் சேர்ந்த கடல் ஒன்றுக்கு நாற்பது பேர். அது நிரம்பினால் அதேபோல் இன்னொரு கடல் தானாகத் திறக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிடுவதற்கு முன், சோதனைக்காரர்கள் கட்டியதையெல்லாம் துடைத்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வெறும் மணல்தான். இதைச் சோதனைக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் கூடி, எட்டுப் பாலத்தையும் ஒருமுறை நடந்து பார்த்து, போய் வருகிறோம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். துடைக்கிற பொறுப்பு நஞ்சப்பனுடையது.

"ஏனுங்க டீச்சர், அழிச்சே ஆகோணுமுங்களா?"

"ஆகோணுமுங்ணா."

"கட்டினது நல்லாத்தானுங்களே நிக்குது?"

கலாமணி டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

பம்பு கம்பெனியில் பழைய வரைபடத்தை யாரும் கிழிக்க மாட்டார்கள். செல்லரித்தாலும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். இருபத்தாறு வருஷக் கைப்பழக்கம் லேசில் விடுமா? அழிக்கிற புரோகிராம், ஆட்கள் கட்டியதை மட்டும்தான் துடைக்கும். கடல், மணல், பாறை மூன்றையும் தொடாது. வியாழக்கிழமை காலையில் நஞ்சப்பன் மூன்றாவது பாலத்தின் நானூற்றுப் பதினோரு பலகைக்கும் 'பாறை' என்று பெயர் மாற்றினார். அதை மட்டும் வைத்துக்கொண்டால் ஓரவஞ்சனை ஆகிவிடுமே என்று மற்ற ஏழு பாலத்துக்கும் அதே பெயர் வைத்தார். பிறகு அழிக்கிற பொத்தானை அழுத்தினார். குடிசைகள் போயின, விளக்குகள் போயின. எட்டுப் பாலமும் அப்படியே நின்றன.

மத்தியானம் ஒத்திகை. இதற்கு முன் ஆட்டத்தைப் பார்த்தே இராத நாற்பது பேரைக் கலாமணி வரவழைத்திருந்தாள். திரையில் பாலங்களைப் பார்த்ததும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நஞ்சப்பன் நினைத்தார்.

"இருக்கட்டுமுங்ணா. இப்படியே விட்டுப் பார்க்கலாம்."

நாற்பது பேரும் கரையில் இறங்கினார்கள். முதல் பாலத்தில் ஓடினார்கள். அடுத்ததில் ஓடினார்கள். மூன்றாவது பாலத்தை ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை. ஒன்பதாவது தீவின் கோடிக்குப் போய், சுற்றுமுற்றும் பார்த்தார்கள். "அழகா இருக்கு" என்று ஒருவர் எழுதினார். வேறு யாரும் யாரோடும் பேசவில்லை. பதினாலாவது நிமிஷம் கடல் காலி.

"என்னங்க டீச்சர், அதுக்குள்ள போயிட்டாங்க?"

"வந்த வேலை முடிஞ்சுதுங்களே."

"நாம எத்தன பாடுபட்டுக் கட்டினது!"

"அவங்களுக்குச் சும்மா கெடைச்சது. சும்மாவே போயிட்டாங்க."

நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"நான்தானுங்க பாறைன்னு பேரு வெச்சேன்."

"தெரியுமுங்ணா. பாறையில ஆணி அடிச்சிருக்குதே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது.

"அந்த மனுசன் என்னிக்காவது திரும்பி வருவாருங்க டீச்சர். பாலம் இல்லீன்னா என்னைய எங்கீங்க தேடுவாரு?"

கலாமணி ஒன்பது தீவும் தெரிகிற வரைபடத்தைத் திறந்தாள்.

"வர்றவங்க எங்கீங்ணா எறங்குவாங்க?"

"முதல் தீவுக் கரையில."

"எல்லாருமா?"

"எல்லாருந்தானுங்க. எறங்கறதுக்கு வேற எடமே நாம வெக்கலையே."

"நீங்க எங்க நிக்கறீங்க?"

நஞ்சப்பன் பார்த்தார். மூன்றாவது பாலத்தின் கோடியில், ரமோன் கடைசியாகப் பிடித்த பலகைக்குப் பக்கத்தில், அவருடைய சின்ன உருவம் நின்றுகொண்டிருந்தது. ஒரு வருஷமாக அங்கேதான் நிற்கிறது.

திரும்பி வந்தாலும் ரமோன் அங்கே இறங்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவரே உட்கார்ந்து ஒவ்வொரு பாறைக்கும் மறுபடி பலகை என்று பெயர் எழுதினார். மூன்றாவது பாலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். நானூற்றுப் பதினோராவது பலகையில் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. கலாமணி கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு அவர் பொத்தானை அழுத்தினார். பாலம் ஒரு நொடியில் போய்விட்டது. நாலு மாதம் கட்டியதற்கு இவ்வளவு சீக்கிரமா என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

ஐந்து மணிக்குத் திறந்தார்கள்.

முதல் நிமிஷத்தில் முந்நூறு பேர். கால் மணி நேரத்தில் ஒன்பதாயிரம். புது சர்வர் அசரவில்லை. பக்கத்து அறையில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கைதட்டினார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"நீங்க போகலையாங்ணா?" என்று கலாமணி கேட்டாள்.

நஞ்சப்பன் புது ஆளாகவே பெயர் கொடுத்து உள்ளே போனார். கரையில் ஒரே கூட்டம். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் முழங்கால் மடங்குகிறவன் ஒருவன்கூட இல்லை. திருவிழாவில் அப்பா கையை விட்டுவிட்ட பிள்ளை போல நின்றார். வெளியே வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

கூட்டத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஓரத்தில், ஒரு உருவம் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பெயர் வைக்கவில்லை, வெறும் எண்தான். எந்தத் தேசம் என்றும் போடவில்லை. பக்கத்தில் ஆட்கள் ஓடிப் போனார்கள், வந்தார்கள். அது பலகையைக் கீழே வைக்கவில்லை.

நஞ்சப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், டீச்சர், இங்க பாருங்க. இது ரமோனா இருக்குமுங்களா?"

கலாமணி குனிந்து திரையைப் பார்த்தாள்.

"தெரியிலீங்ணா. அந்த முனையப் போய்ப் புடிங்க. பாவம், ரொம்ப நேரமா நிக்கறாரு."